பழிக்காதல் இலக்கணம்: மூலமும் நைனார்பாளையத்து உரையும்

பாயிரம்

பாயிரம் இல்லாதது நூலே ஆகாது என்று இலக்கணக்காரர்கள் முன்பே மிரட்டிவிட்டுப் போயிருப்பதால், முதலில் அந்தக் கடமை.

நூற்பெயர்: பழிக்காதல் இலக்கணம். நுதலிய பொருள்: தனக்குக் கேடு செய்தவர்களை ஒரு பெண் கருவறுப்பதும், அந்த வேலைக்கு நடுவே அவளுக்கு ஒரு நல்ல ஆண்பிள்ளை வாய்ப்பதுமாகிய கொரியத் தொலைக்காட்சித் தொடர். எல்லை: மேற்கே கல்வராயன் மலை, கிழக்கே கூவாகம், இடையில் சின்னசேலம் வட்டத்து நைனார்பாளையம். கேட்போர்: போனில் டேட்டா மிச்சம் உள்ளோர். பயன்: எதைப் பார்க்கலாம், எங்கே நிறுத்தலாம் என்று அறிதல்.

கொரியத் தொடரை ஆராய நைனார்பாளையத்துக்கு என்ன தகுதி என்று கேட்பாரும் உளர். இவ்வூர் 1993 வரை தென்னாற்காடு மாவட்டம், பிறகு விழுப்புரம், 2019 நவம்பர் முதல் கள்ளக்குறிச்சி. இருந்த இடத்தைவிட்டு ஓர் அடி நகராமல் மூன்று மாவட்டப் பெயரில் வாழ்ந்தாயிற்று. அதே முகத்தோடு பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வந்து நிற்கும் கொரிய நாயகியை இவ்வூராரைவிட யார் நன்றாகப் புரிந்துகொள்வார்?

அளவுகோல் நன்னூல். சீயகங்கன் கேட்டுக்கொள்ள, 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றியது. ஒரு நூலுக்கு ஆகாத குற்றம் பத்து, வேண்டிய அழகு பத்து என்று அது வகுக்கிறது. முனிவர் சமணர்; கொல்லாமை விரதத்தார். பழிவாங்கும் கதை எதையும் அவர் முழுதாகப் பார்த்திருக்கமாட்டார். ஆயினும் அவர் விட்டுச்சென்ற தராசு யார் கடைச் சரக்கையும் நிறுக்கும்.

சான்றுக்கு எடுத்துக்கொண்டது 'மேரி மை ஹஸ்பண்ட்'. 2024 ஜனவரி 1 முதல் பிப்ரவரி 20 வரை டிவிஎன் அலைவரிசையில் திங்களும் செவ்வாயும் வந்த 16 அத்தியாயங்கள். வெளிநாட்டாருக்கு பிரைம் வீடியோவில். கதைச்சுருக்கம்: காங் ஜி-வொன் என்பவள் வயிற்றுப் புற்றுநோயால் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்தால், கணவன் பார்க் மின்-ஹ்வானும் உயிர்த்தோழி ஜொங் சூ-மினும் அங்கே கூடிக் களிக்கிறார்கள். கைகலப்பு, கணவன் தள்ள, கண்ணாடி மேசையில் விழுந்து உயிர் போகிறது. கண் விழித்தால் பத்து ஆண்டு பின்னே, 2013. அதே அலுவலகம், அதே ஆட்கள். நடக்கப்போவது அவளுக்கு மட்டும் தெரியும். புருஷனைத் தோழியின் தலையில் கட்டிவிடுவது என்று முடிவு செய்கிறாள். மேலதிகாரி யூ ஜி-ஹ்யோக் உதவிக்கு வருகிறான். அவனும் அப்படித் திரும்பி வந்தவனே.

கொரியாவுக்குக் கப்பலேறிப் போனதாகச் சொல்லப்படும் அரசியின் பிறந்தவீடு அயோத்தியா, பாண்டிய நாடா என்ற வழக்கை இங்கே எடுக்கவில்லை. எடுத்தால் அது மற்றொன்று விரித்தல் என்னும் குற்றமாகும். இனி நூல்.

1. பழியியல்

நூற்பா: பழி, வரும் வழியால் ஐந்து வகைப்படும்.

இஃது என் கூறிற்றோ எனின், கேடுற்ற பெண் எப்படித் திரும்பி வருகிறாள் என்பதை வைத்தே பழிக்கதையின் இனம் தெரியும் என்று கூறிற்று.

முதலாவது, முகம் மாற்றி வருதல். 2008-09இல் எஸ்பிஎஸ் ஒளிபரப்பிய 'டெம்ப்டேஷன் ஆஃப் வைஃப்' 129 அத்தியாயம் ஓடியது. கடலில் மூழ்கவிட்ட கணவனையும் வஞ்சித்த தோழியையும் பழிவாங்க மனைவி வேறொருத்தியாக வருகிறாள். செய்த மாற்றங்களில் ஊர் மறக்காதது, கண்ணுக்குக் கீழே வைத்துக்கொண்ட ஒரு மரு. அதனால் கட்டிய புருஷனுக்கே அடையாளம் தெரியவில்லை. கொரியர்களே விழுந்து விழுந்து சிரித்தார்கள். கன்னத்தில் மரு ஒட்டிய மாறுவேடத்தைக் கண்டு வளர்ந்த தமிழ்ச் சினிமா ரசிகனுக்கோ இதில் வியக்க ஒன்றுமில்லை. அவனுக்கு அது இலக்கண வழக்கு.

இரண்டாவது, காலம் மாற்றி வருதல். நம் சான்றுத் தொடர் இவ்வகை.

மூன்றாவது, முகமும் காலமும் மாற்றாமல் வயது ஏறி வருதல். 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் எட்டு எட்டு அத்தியாயமாக நெட்பிளிக்ஸில் வந்த 'தி குளோரி' இவ்வகை. பள்ளியில் கூடப் படித்தவர்கள் சுட்ட தழும்புகளோடு மூன் டோங்-உன் வளர்கிறாள், வேலைக்குப் போகிறாள், படிக்கிறாள், எதிரியின் மகளுக்கே ஆசிரியையாக வந்து நிற்கிறாள். மந்திரம் கிடையாது, மருவும் கிடையாது. ஐந்தில் கடினமானது இது.

நான்காவது, பிறவி மாற்றி வருதல். இதற்குச் சான்று சியோலில் தேட வேண்டியதில்லை. திருவாலங்காட்டுக்குப் பக்கத்துப் பழையனூரில் இருக்கிறது. கட்டியவன் கொன்றான், கொலையுண்டவள் மறுபிறவியில் நீலிப்பேயாய்த் தொடர்ந்தாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எழுபது வேளாளர் கூடிய சபையில், இவன்தான் என் புருஷன் என்று வழக்குரைத்தாள். சபை நம்பியது. அவனுக்கு ஒன்றும் ஆகாது, ஆகிவிட்டால் எங்கள் உயிர் பிணை என்று வாக்கும் கொடுத்தது. இரவில் அவன் செத்தான். காலையில் எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். நோக்குக: கொன்ற கணவனை நீலி தனக்கே வேண்டும் என்று கேட்டுத் தீர்த்தாள், ஜி-வொன் அவனை எனக்கு வேண்டாம், அவளுக்குக் கொடு என்று தீர்க்கிறாள். ஒரே குற்றத்துக்கு இரு நாட்டுச் சட்டம்.

ஐந்தாவது, திரும்பி வராமலே இருத்தல். ஏனெனில் போகவே இல்லை. அவிழ்ந்த கூந்தலோடு எதிரிகளின் கண்முன்னேயே காத்திருக்கும் பாஞ்சாலி இவ்வகை. பழைய தென்னாற்காட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள்கணக்கில் நடந்து, கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடக்க, சபதம் முடிந்து கூந்தல் முடியப்படுகிறது. பழி எதில் முடியும் என்பது சபதம் போட்ட இரவிலேயே ஊருக்குத் தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். முடிவைச் சொல்லிவிட்டால் சுவை கெடும் என்று பதறும் இக்கால ரசிகர் இதைக் குறித்துக்கொள்க.

2. காதலியல்

நூற்பா: காதல், பழிக்குச் செய்யும் தொழிலால் நான்கு.

காதலன் அழகனா, உயரமா, குடை பிடிப்பானா என்பவை இங்கே ஆராயப்படா. கொரியத் தொடரில் அவை எல்லாம் உள்ளவையே. உள்ளதை விதிக்க வேண்டியதில்லை.

கருவிக்காதல்: காதலே ஆயுதம். 2012இல் கேபிஎஸ் 2இல் 20 அத்தியாயம் வந்த 'தி இன்னொசென்ட் மேன்' தொடரில், தன்னைக் கைவிட்டுப் பணக்காரன் வீட்டுக்குப் போனவளை நெருங்க, அவ்வீட்டு மகளைக் காதலிப்பதுபோல் காட்டுகிறான் நாயகன். நடிப்பு நிஜமாகிறது. ஆயுதம் பிடித்த கையையே அறுக்கும் என்பதால் இதில் சுவை மிகும்.

துணைக்காதல்: காதலன் பழியைத் தன் கையில் எடுக்காமல் பக்கத்தில் நிற்பது. 'தி குளோரி'யின் மருத்துவர் ஜூ யோ-ஜொங், உனக்காக வெட்டரிவாள் பிடிப்பவனாக இருக்கிறேன் என்கிறான். ஆனால் யாரை, எப்போது என்பதை அவளே சொல்கிறாள். அவள் வேலை முடிந்ததும், அவன் தந்தையைக் கொன்றவனைத் தீர்க்க அவள் துணைபோகிறாள். இங்கே காதல் என்பது இருவரும் மாற்றிக்கொண்ட சபதம்.

கூலிக்காதல்: பழி தீர்த்த உழைப்புக்குக் கடைசியில் கிடைக்கும் சம்பளம். 'மேரி மை ஹஸ்பண்ட்' இவ்வகை. யூ ஜி-ஹ்யோக் நல்லவன், பொறுமைசாலி, அலுவலக மேலாளர்; கூடவே கம்பெனி முதலாளியின் பேரன். சம்பளம் என்று பார்த்தால் கொஞ்சம் அதிகம்.

விலைக்காதல்: பழி தீர வேண்டுமானால் காதல் கொடுக்க வேண்டிய விலை. இதற்குச் சான்று நம் மாவட்டத்து உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகம். பாண்டவர் வெல்ல அரவான் களப்பலி ஆக வேண்டும், சாகுமுன் அவனுக்குக் கல்யாணம் ஆக வேண்டும், மோகினி மனைவியாகிறாள். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டித் திருநங்கையர் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள்; மறுநாள் அறுத்து அழுகிறார்கள். படுகளத்தில் பாஞ்சாலியின் கூந்தல் முடிவதற்கு முன்னால் இங்கே ஒரு தாலி அறுந்தாக வேண்டும்.

ஈண்டு ஒன்று உணர்க. நம் பக்கத்துப் பழிக்கதை தன் செலவைக் காதலிடம் வசூலிக்கிறது. கொரியக் கதை காதலை மேற்கொண்டு இனாமாகத் தருகிறது. நம் சான்றுத் தொடரின் குணமும் குற்றமும் இந்த இனாமிலிருந்தே பிறக்கின்றன. இந்நூல் சொல்ல வந்த பொருள் இதுவே, மற்றவை விரிவு.

3. அழகியல்

நூற்பா: பத்தில் நான்கு தேறும்.

சுருங்கச் சொல்லல்: எட்டு வாரத்தில் 16 அத்தியாயம், கதை முடிந்தது, கடை கட்டியாயிற்று. சன் டிவியில் 2003 முதல் 2009 வரை ஓடிய 'கோலங்கள்' 1,500 அத்தியாயம் தாண்டியது. சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கான ரயில் பாதை பதினாறு கிலோமீட்டர் சொச்சம். அதற்கு ஆன ஆண்டுகளில் கொரியர்கள் எத்தனை பதினாறு முடித்திருப்பார்கள் என்பதைப் பயணிகள் கணக்கிட்டுக்கொள்க.

முறையின் வைப்பு: முதல் அத்தியாயத்தில் ஜி-வொன் செத்த அதே விதத்தில், கண்ணாடி மேசை உட்பட, கடைசியில் மின்-ஹ்வான் சாகிறான். கொல்பவள் சூ-மின். ஆரம்பத்தில் விதைத்தது அதே பாத்தியில் முளைக்கிறது. திரைக்கதை படிப்போர்க்கு இது பாடம்.

விளங்கு உதாரணம்: தொடரின் அச்சாணி ஒரு விதி. நடந்தது நடந்தே தீரும். ஆள் மட்டும் மாறலாம். தப்பிக்க வேண்டுமானால் அந்தத் தலையெழுத்தை இன்னொருவர் மேல் ஏற்ற வேண்டும். சியோலில் இதை விளக்கப் பல காட்சிகள் தேவைப்பட்டன. நைனார்பாளையத்தில் தேவையில்லை. முச்சந்தியில் கழித்துப் போட்ட எலுமிச்சம்பழத்தை ஏன் மிதிக்கக் கூடாது என்று இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். ஜி-வொன் செய்வதெல்லாம், பழத்தை சூ-மின் நடந்துவரும் பாதையில் வைப்பது. சூ-மினின் குணம் அவளையே மிதிக்கவைக்கிறது: தோழியிடம் இருப்பது எதுவானாலும் தனக்கு வேண்டும். எதிரியின் ஆசையே எதிரிக்குப் பொறி ஆவதால், நாயகி கையில் ரத்தம் படவில்லை. நமக்கும் மனம் உறுத்தவில்லை.

ஆழம் உடைமை: இதன் வில்லன்கள் உலகை அழிக்க வந்தவர்கள் அல்லர். கடன் வாங்கிப் பங்குச்சந்தையில் விடுகிற கணவன், வேலைக்குப் போய்வந்த மருமகளை நிற்கவைத்து வேலை வாங்கும் மாமியார், கட்டிப்பிடித்துக்கொண்டே காலை வாரும் தோழி, உழைத்து எழுதிய திட்டத்தைத் தன் பெயரில் போட்டுக்கொள்ளும் அதிகாரி. ஆளுக்கு ஒருவரையாவது எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெரும்பழிக்குக் காரணம் சிறுசிறு அவமானமே என்பதில் தொடர் பொய் சொல்லவில்லை. ஜி-வொன் வேடமிட்ட பார்க் மின்-யங் தொடக்கத்தில் கூனிக்குறுகி நடக்கும் நடை ஒன்றே போதும்.

4. குற்றவியல்

நூற்பா: பத்தில் நான்கு தவறாமல் வரும், அழகு ஒன்று கவிழ்ந்து ஐந்தாம் குற்றமாகும்.

கூறியது கூறல்: பின்னோக்கிய காட்சி. நாம் பத்து நிமிடத்துக்கு முன் பார்த்ததை நாயகி இப்போது நினைக்கிறாள். நாயகன் அதையே வேறு கோணத்தில் நினைக்கிறான். பின்னணியில் அதே பாட்டு. கூத்தில் கட்டியங்காரனும் முன்கதை சொல்வான். ஆனால் நடுச்சாமத்தில் தூங்கி விழுந்தவருக்காகச் சொல்வான், அதிலும் ஒரு நையாண்டி வைத்துச் சொல்வான்.

மற்றொன்று விரித்தல்: பழைய எதிரிகள் களைத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், பிற்பாதியில் ஓ யூ-ரா என்னும் நாயகனின் முன்னாள் நிச்சயதார்த்தக்காரி வந்து இறங்குகிறாள். பாட்டுக்காரி போஆ நடித்தது. அவளுக்கும் நாயகிக்கும் பழங்கணக்கு எதுவும் இல்லை. பணக்காரக் காதலன் வந்ததால் பின்னாலேயே வந்த சில்லறை அவள். துச்சாதனன் செத்தபின் புதுத் துச்சாதனனை இறக்கும் வழக்கம் படுகளத்தில் இல்லை.

மாறுகொளக் கூறல்: எவரையும் அண்டாமல் என் வாழ்வை நானே மீட்பேன் என்பது நாயகியின் சபதம். ஆனால் இக்கட்டு வரும்போதெல்லாம் வாசலில் ஒரு பெரிய கார் நிற்கிறது. முதலாளி பேரன் பணம், வக்கீல், பதவி எல்லாவற்றோடும் இறங்குகிறான். சபதம் போட்டது ஒரு வாய், நிறைவேற்றியது வேறொரு பை. துச்சாதனனை அடித்தது பீமன்தானே என்று வாதாடலாம். பீமன் கட்டியவன், சபையில் தலைகுனிந்து உட்கார்ந்த கடன் அவனுக்கும் உண்டு. மேலாளருக்கு அப்படி ஒரு கடன் இல்லை. கடன் இல்லாதவன் பணத்தால் தீர்ந்த பழி யாருடைய பழி?

உலகம் மலைதல்: உலகம் மலையாமை என்னும் அழகு கவிழ்ந்தது இது. தலையெழுத்து ஆள் மாறும் என்ற விதி கெட்டவர்களுக்கு மட்டும் பொருந்தியிருந்தால் வம்பில்லை. ஜி-வொனுக்கு வர வேண்டிய புற்றுநோய், ஒரு பாவமும் அறியாத சக ஊழியை யாங் ஜூ-ரானுக்கு வந்து நிற்கிறது. முச்சந்திப் பழத்தை வழிப்போக்கர் மிதித்துவிட்டார். தொடர் முழுவதிலும் நெஞ்சைக் குத்தும் இடம் இது: என் மறுவாழ்வுக்கு விலை இன்னொருத்தியா? ஓர் அத்தியாயம் அங்கேயே உட்கார்ந்திருந்தால் தொடரின் தரமே வேறாகியிருக்கும். உட்காரவில்லை. நோயைக் கண்டு பதறி, சமாளித்து, காதல் காட்சிக்கு விரைகிறது. இனாமாகக் காதல் கொடுப்பதாக வாக்களித்துவிட்ட கதைக்கு விலை பேச நேரமில்லை.

சென்று தேய்ந்து இறுதல்: பழி முடிந்தபின்னும் தொடர் முடியவில்லை. கல்யாணம், குடும்பம், சிரிப்பு, பூ, மென்மையான வெளிச்சம். கெட்டவர் கெட்ட வேகத்தில் ஒரு பங்குகூட நல்லவர் வாழ்வதில் இல்லை. இனாமைப் பட்டுவாடா செய்யும் நேரம் அது. கைதட்டுவது தவிரப் பார்ப்பவருக்கு வேலையில்லை.

5. பார்ப்போரியல்

நூற்பா: பார்ப்போர் நால்வர்.

கண்ணால் பார்ப்போர்: போனில் முழுதாகப் பார்ப்பவர். கல்லூரிப் பெண்கள் மிகுதி. 2013இல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழ் பேசவைத்துக் காட்டியபோது பழகிய வீட்டார், இப்போது எழுத்து வரியோடு மூலமொழியிலேயே பார்க்கிறார்கள்.

தோளால் பார்ப்போர்: சின்னசேலம் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் போனை எட்டிப் பார்ப்பவர். இவர்களுக்கு எந்தக் கதையிலும் நடுப்பகுதி மட்டும் தெரியும்.

துண்டால் பார்ப்போர்: ரீல்ஸில் அறை விழும் காட்சியையும் முத்தக் காட்சியையும் மட்டும் கண்டவர். தொடரைப் பற்றி அதிகம் பேசுவோரும் இவரே.

காதால் பார்ப்போர்: மக்காச்சோளக் கதிர் உடைக்கும் கொல்லையில், பார்த்தவள் சொல்லக் கேட்பவர். கல்வராயன் மலையில் சிக்னல் எட்டாத ஊர்களில் இவ்வினம் பெருகும். நால்வருள் தலையாயவர் இவரே. ஏனெனில் சொல்பவள் பின்னோக்கிய காட்சிகளையும் காப்பிக் கடை விளம்பரங்களையும் நீக்கி, குற்றம் களைந்த பதிப்பையே சொல்கிறாள். தடைவிடை நிகழ்வதும் அங்கேதான்.

தடை எழுப்பியவர் அத்தை: "ஏன்டி, செத்துப் பொழச்சு வந்தவ, நேரா போய் அவன நாலு சாத்து சாத்த வேண்டியதுதான? என்னாத்துக்கு இம்மாந்தூரம் இழுக்கறா?"

விடை சொன்னவள் அண்ணன் மகள்: "அடிச்சா இவ மேல கேஸாவும் அத்த. அவங்களே அடிச்சிக்கினு சாவணும்னு பாக்கறா."

"செரி. அந்த நோவு வந்தவ என்னா பண்ணா? அவளுக்கு இன்னா பதில் சொன்னா இவ?"

"பெருசா ஒண்ணும் சொல்லல அத்த."

"பின்ன என்னாடி கத?"

குற்றவியலில் உலகம் மலைதலுக்கு இந்நூல் ஒரு பத்தி எழுதியது. அத்தை ஒரு கேள்வியில் முடித்தார். சுருங்கச் சொல்லல் யாரிடம் உள்ளது என்பது வெளிப்படை.

6. முடிபியல்

நூற்பா: விலை கொடுத்த பழி நிற்கும், இனாம் பெற்ற பழி உதிரும்.

பழிக்கதையில் காதல் வரக் கூடாது என்பது இந்நூலின் கருத்து அன்று. வரலாம், துணைக்கு வரலாம், ஆயுதமாக வரலாம், விலையாகப் போகலாம். பழி தீர்த்ததற்குப் பரிசாக மட்டும் வரக் கூடாது. பரிசு மேடை ஏறிய கணத்தில், அதுவரை தன் காயத்தைத் தானே சுமந்தவள் பரிசு வாங்கும் பெண்ணாகிவிடுகிறாள்; அவளை அப்படிக் கைகட்டி நிற்கவைக்கவே முதல் அத்தியாயத்தில் கணவன் முயன்றான்.

ஆகவே தீர்ப்பு. ஐவகைப் பழியுள் வயது ஏறி வருதலும் கூந்தல் விரித்துக் காத்தலும் தலை. காலம் மாற்றல் இடை. மரு வைத்தல் கடை, ஆனால் சிரிப்புக்கு அதுவே தலை. 'தி குளோரி'யை முழுதாகப் பார்க்கலாம். 'மேரி மை ஹஸ்பண்ட்' தொடரில் முன்னாள் நிச்சயதார்த்தக்காரி வந்து இறங்கும்வரை மூலநூல் என்றும், அதன்பின் இடைச்செருகல் என்றும் கொள்க. மின்-ஹ்வான் மேசையில் விழும் இடத்தை மட்டும் தேடிப் பார்த்துக்கொள்க. இரண்டையும் முடித்தவர்கள், பங்குனியிலிருந்து ஆடிக்குள் பக்கத்து ஊர் எதிலாவது பாரதக் கூத்து வைத்தால் துகில் உரியும் இரவுக்கும் படுகளத்துக்குமாவது போய் உட்காருங்கள். பாய் ஒன்று எடுத்துப்போங்கள், முடிய விடிந்துவிடும்.